வூஸ்டர் நகரின் கரும்பேரி

கனி என்பது கொய்தவுடன் உண்ணத்தக்கது என்பதே பொதுவான எண்ணம். இங்கிலாந்தின் வூஸ்டர் நகரப் பெயரைத் தாங்கிய கரும்பேரியோ இவ்வெண்ணத்துக்கு மாறானது. இலையுதிர் காலத்தின் பிற்பகுதியில் பறிக்கப்படும் அக்காய் பல் பதியாத அளவுக்கு வன்மையுடையது. அதன் தோல் சொரசொரப்பானது. கருஞ்சிவப்பும் செம்பழுப்பும் கலந்த நிறத்தது. சதையைக் கடித்தால் மணல்போல் நறநறக்கும். சுவர் தடித்து மரத்தன்மை பெற்ற கற்கலங்கள் சதையில் செறிந்திருப்பதே இதற்குக் காரணம்.

குறையெனத் தோன்றும் இவ்வன்மையே அதன் பெருமை. குளிரூட்டும் பொறிகள் தோன்றாத காலத்தில், பனி மூடிய மாதங்களில் அங்கு புதுக்கனி கிடைப்பது அரிது. மென்மையான பேரிகள் சில வாரங்களில் அழுகிவிடும். கரும்பேரியோ குளிர்ந்த அறையில் ஏப்ரில் மாதம் வரையிலும் கெடாதிருக்கும்.

ஆயினும் அதனைச் சமைத்தே உண்ணவேண்டும். சர்க்கரை, கறுவா, இஞ்சி முதலியவற்றுடன் மெல்லிய தீயில் நெடுநேரம் வேகவைத்தால் வெளிறிய சதை மென்மையுற்றுச் செந்நிறம் பெறும். காயிலுள்ள துவர்ப்புப் பொருள்களில் ஒரு பகுதி, வெப்பத்தாலும் காயின் அமிலத்தாலும் செந்நிறமியாக மாறுவதே இதன் காரணமாகும். இவ்வினத்துக் கடினப் பேரிகளை ஆங்கிலேயர் 'வார்டன்' என அழைத்தனர். அவற்றை உள்ளிட்டுச் சுட்ட பணியாரம் ஷேக்ஸ்பியரின் 'குளிர்காலக் கதை' நாடகத்திலும் இடம்பெறுகின்றது.

வூஸ்டர் நகரின் இலச்சினையில் மூன்று கரும்பேரிகள் உள்ளன. 1575 இல் அந்நகருக்கு வந்த முதலாம் எலிசபெத் அரசியே அவற்றைச் சேர்க்கப் பணித்தார் என்பது செவிவழி வரலாறு. வூஸ்டர்ஷயர் கிரிக்கெட் கழகத்தின் சின்னத்திலும் பேரிகளைக் காணலாம்.

19 ஆம் நூற்றாண்டின் இறுதியில் குளிரூட்டிய கப்பல்கள் தொலைநாட்டுக் கனிகளைக் கொண்டுவரத் தொடங்கின. நெடுநாள் கெடாத காயின் தேவை குறைந்தது. மணிக்கணக்கில் வேகவைக்கும் பொறுமையும் அருகியது. இதில் ஒரு பேரிடர் உண்டு. பேரியின் விதை தாய்மரத்தின் இயல்புகளை அப்படியே தருவதில்லை. ஆகவே கிளையை வெட்டி வேறொரு மரத்தில் ஒட்டுவதே வகையைக் காக்கும் வழி. ஒட்டுவோர் இல்லையெனில், கடைசி மரத்தோடு வகையும் அழியும்.

இதனை உணர்ந்தே கென்ற் கவுண்டியின் புரொக்டேல் என்னுமிடத்தில் நூற்றுக்கணக்கான பேரி வகைகள் பேணப்படுகின்றன. இலச்சினை ஒரு கனியின் உருவத்தைக் காக்கும். அதன் உயிரைக் காப்பது ஒட்டுக்கட்டும் கையே.