இணையப் பக்கம்: கண்ணுக்குத் தெரிந்தால் போதுமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, இணைய இணைப்பும் பெற்றவர்கள் விரைவிலேயே ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். ஒரு தளம் ஒரு பிரவுசரில் அழகாகத் தெரியும். அதே தளம் இன்னொரு பிரவுசரில் கலைந்து கிடக்கும். சில பழைய தமிழ்ப் பக்கங்களைத் திறந்தால், தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசையாக வந்து நிற்கும். "வைரஸ் புகுந்துவிட்டதா தம்பி?" என்று துவாக்குடியில் அக்கம்பக்கத்தினர் என்னிடம் கேட்பதுண்டு. வைரஸ் எதுவும் இல்லை. உங்கள் கம்ப்யூட்டரிலும் கோளாறு இல்லை. அந்தப் பக்கம் எழுதப்பட்ட விதத்தில்தான் விஷயம் இருக்கிறது. வெப் பக்கங்களை உருவாக்கும் சாப்ட்வேர் இன்ஜினியராக வேலை பார்ப்பவன் என்ற முறையில், இதன் பின்னணியை எளிமையாக விளக்க முயல்கிறேன்.

பிரவுசர் செய்யும் வேலை

நீங்கள் ஒரு தளத்தின் முகவரியை டைப் செய்து என்டர் தட்டியதும், அந்தத் தளத்தின் சர்வரில் இருந்து உங்களுக்கு வருவது முடிந்த ஒரு படம் அல்ல. வெறும் எழுத்துகளும், அவற்றுக்கு இடையே சில குறிகளும்தான் வருகின்றன. இந்தக் குறிகளின் மொழிதான் எச்.டி.எம்.எல். ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் பணியாற்றிய டிம் பெர்னர்ஸ்-லீ இதை உருவாக்கினார். 1991-ல் இது வெளியுலகுக்கு வந்தது. குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ், சபாரி போன்ற பிரவுசர்கள் இந்தக் குறிகளைப் படித்துப் பார்த்து, பக்கத்தைத் திரையில் வரைகின்றன. அதாவது, ஒரே பக்கத்தை ஒவ்வொரு பிரவுசரும் தானே புதிதாக வரைகிறது.

எங்கள் துவாக்குடித் தொழிற்பேட்டையில் பெல் நிறுவனத்துக்குப் பாய்லர் பாகங்கள் செய்து தரும் பட்டறைகள் உண்டு. அங்கே வரும் டிராயிங்கில், வெல்டிங் செய்ய வேண்டிய இடத்தில் ஓர் அம்புக்குறி இருக்கும். என்ன வகை வெல்டிங், எத்தனை மில்லிமீட்டர் என்பது குறியீடாக எழுதப்பட்டிருக்கும். வெல்டிங் செய்த பின் அது பார்க்க எப்படி இருக்கும் என்று யாரும் படம் வரைந்து காட்டுவதில்லை. குறியீடு சரியாக இருந்தால், எந்தப் பட்டறைக்கு டிராயிங்கை அனுப்பினாலும் ஒரே வேலைதான் நடக்கும். எச்.டி.எம்.எல். குறிகளும் இப்படிப்பட்டவையே. "இது தலைப்பு", "இது ஒரு பத்தி", "இது ஒரு பட்டியல்" என்று சொல்வதுதான் அவற்றின் வேலை.

ஒரு தலைப்பை இரண்டு விதமாக எழுதலாம். எச்1 என்ற குறிக்குள் எழுதினால், "இதுதான் இந்தப் பக்கத்தின் முதன்மைத் தலைப்பு" என்று பொருள். குறி எதுவும் இல்லாமல், எழுத்தை மட்டும் பெரிதாக்கித் தடிமனாகவும் ஆக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோல்தான் தெரியும். ஆனால் இரண்டாவது வகையில் அது தலைப்பு என்பது கம்ப்யூட்டருக்குத் தெரியாது. முதல் வகையை "பொருள் சொல்லும் குறியிடல்" எனலாம்.

பிரவுசர்களின் போட்டி

1994-ல் நெட்ஸ்கேப் நேவிகேட்டரும், 1995-ல் மைக்ரோசாப்டின் இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரும் வந்தன. இரண்டுக்கும் கடும் போட்டி. ஒவ்வொன்றும் தனக்கென்று புதுப்புதுக் குறிகளைச் சேர்த்தது. எழுத்தைக் கண்சிமிட்ட வைக்கும் பிளிங்க் நெட்ஸ்கேப்பின் சரக்கு. எழுத்தைப் பக்கவாட்டில் ஓடவிடும் மார்க்கீ எக்ஸ்ப்ளோரரின் சரக்கு. ஒன்றில் வேலை செய்வது மற்றதில் செய்யாது. "இந்தத் தளத்தை இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில், 800-க்கு 600 அளவுத் திரையில் பார்க்கவும்" என்ற அறிவிப்புகள் வந்தது இதனால்தான்.

தோற்றத்தைத் தனியே எழுதிவைக்க, டபிள்யூ3சி அமைப்பு 1996-ல் சி.எஸ்.எஸ். என்ற முறையை வெளியிட்டது. பொருளுக்கு எச்.டி.எம்.எல்., தோற்றத்துக்கு சி.எஸ்.எஸ். என்று வேலை பிரிந்தது. ஆனாலும் பல தளங்கள் நீண்ட காலம் எக்ஸ்ப்ளோரரை மட்டுமே நம்பி வடிவமைக்கப்பட்டன. பெரும்பாலான விண்டோஸ் 10 கம்ப்யூட்டர்களில் எக்ஸ்ப்ளோரருக்கான ஆதரவை 2022 ஜூனில் மைக்ரோசாப்ட் நிறுத்திக்கொண்டது. அதை மட்டும் நம்பி எழுதிய பக்கங்களின் கதி என்ன என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம்.

தமிழ்ப் பக்கங்கள் பட்ட பாடு

பொருளை விட்டுத் தோற்றத்தை மட்டும் கவனித்தால் என்ன ஆகும் என்பதற்கு, தமிழ் இணையத்தின் கதையே நல்ல சாட்சி.

கம்ப்யூட்டருக்கு எழுத்து என்பது ஓர் எண். ஆங்கிலத்தின் சின்ன ஜே எழுத்துக்கு எண் 106. 1990-களில் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர்களில் தமிழுக்கென்று தனி எண்கள் புழக்கத்தில் இல்லை. எனவே ஒரு தந்திரம் செய்தார்கள். எழுத்துரு, அதாவது பாண்ட் என்னும் பைலில், ஆங்கில எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வரைந்து வைத்தார்கள். இலங்கைத் தமிழர்களிடமும் புலம்பெயர்ந்தோரிடமும் பரவலாக இருந்த பாமினி எழுத்துரு இந்த வகைதான். பாமினியில் "தமிழ்" என்று எழுதினால், உள்ளே பதிவாவது ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும். பாமினி உள்ள கம்ப்யூட்டரில் அது "தமிழ்" என்று தெரியும். இல்லாத கம்ப்யூட்டரில் ஆங்கில எழுத்துகளாகவே தெரியும்.

டிஸ்கி போன்ற வேறு முறைகளும் இருந்தன. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி, தமிழக அரசு டாப், டாம் என்ற இரு முறைகளை அறிவித்தது. ஆக, ஒரு தளத்துக்கு ஓர் எழுத்துரு, இன்னொரு தளத்துக்கு வேறோர் எழுத்துரு. படிக்கும் முன் ஒவ்வொன்றையும் டவுன்லோட் செய்து நிறுவ வேண்டும்.

இதைத் தவிர்க்க வந்ததுதான் டைனமிக் பாண்ட். பக்கத்தோடு எழுத்துருவும் தானாக இறங்கிவிடும். இங்கேயும் பிரவுசர் போட்டி குறுக்கே வந்தது. 1997-ல் வந்த நெட்ஸ்கேப் 4 ஒரு வகை எழுத்துரு பைலைக் கேட்டது. அதே ஆண்டில் வந்த எக்ஸ்ப்ளோரர் 4 வேறு வகையைக் கேட்டது. ஒன்றை மற்றது ஏற்காது. இரண்டையும் தயாரித்து வைக்காத தளம், ஒரு பிரிவு வாசகர்களுக்குக் குப்பையாகத் தெரிந்தது.

இதற்கு நிலையான தீர்வு யூனிகோடு. இதில் தமிழுக்கென்றே தனி எண்கள் உண்டு. "அ" என்றால் 2949. "த" என்றால் 2980. உலகில் எந்தக் கம்ப்யூட்டரிலும் இந்த எண்ணுக்கு வேறு பொருள் கிடையாது. விண்டோஸ் 2000-ல் லதா எழுத்துருவுடன் யூனிகோடு தமிழ் வந்து சேர்ந்தது. 2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா யூனிகோடில் வளர்ந்தது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களை மின்னூல்களாக்கும் தன் பணியில் பழைய எழுத்துரு முறைகளில் இருந்து யூனிகோடுக்கு மாறியது. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றது.

யூனிகோடு வந்த பிறகும் பிரவுசர் வேறுபாடு முழுதாகத் தீரவில்லை. செய்தித்தாள் பத்தியைப்போல் இரு ஓரமும் நேராக இருக்கட்டும் என்று சிலர் பக்கத்தை ஜஸ்டிபை செய்வார்கள். எக்ஸ்ப்ளோரரில் அது சரியாகத் தெரியும். அன்றைய பயர்பாக்ஸில் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகப் பிரிந்து நிற்கும். 2008-ல் பயர்பாக்ஸ் 3 வந்தபோதுதான் இது சரியானது. இங்கே ஒரு வித்தியாசத்தைக் கவனியுங்கள். அந்தப் பக்கங்களை யாரும் திருத்தி எழுத வேண்டியிருக்கவில்லை. உள்ளே எழுத்துகள் சரியாக இருந்ததால், பிரவுசர் சரியானதும் பக்கமும் தானாகச் சரியாகிவிட்டது. பாமினிப் பக்கங்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. எத்தனை புதிய பிரவுசர் வந்தாலும், உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ தானே!

யாருக்கு இழப்பு?

"எனக்குத் தெரிகிறதே, போதாதா?" என்று கேட்கலாம். போதாது. முதலில், தேடல். யூனிகோடில் "தமிழ்" என்று தேடினால், பாமினியில் எழுதிய "தமிழ்" அகப்படாது. எண்கள் வேறு அல்லவா?

அடுத்து, பார்வையற்றோர். இவர்கள் ஸ்கிரீன் ரீடர் என்ற சாப்ட்வேர் மூலம் பக்கத்தைக் காதால் கேட்கிறார்கள். என்.வி.டி.ஏ. இலவசமாகக் கிடைக்கும் ஸ்கிரீன் ரீடர், தமிழையும் படிக்கும். அதில் எச் என்ற கீயைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவலாம். எழுத்தை வெறுமனே பெரிதாக்கிய பக்கத்தில் தாவ ஒரு தலைப்பும் இருக்காது. முழுப் பக்கத்தையும் வரிவரியாகக் கேட்டே தீர வேண்டும். தேர்வு முடிவையோ அரசு விண்ணப்பத்தையோ தேடும் ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய தடை!

படங்களும் அப்படியே. சத்திரம் பேருந்து நிலையத்தில் பார்வையற்ற ஒருவர் நிற்கிறார். பஸ்ஸின் போர்டு எத்தனை பெரிதாக இருந்தாலும் அவருக்குப் பயன் இல்லை. கண்டக்டர் "துவாக்குடி, துவாக்குடி" என்று குரல் கொடுத்தால் ஏறிக்கொள்வார். படத்துக்கு ஆல்ட் என்ற பகுதியில் எழுதும் விளக்கம் இந்தக் குரலைப் போன்றது. கடையின் பெயர், முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் ஒரே படமாகப் போட்டு, ஆல்ட் எழுதாமல் விட்டுவிடும் தளங்கள் இன்றும் உள்ளன.

அரசுத் தளங்கள் எல்லோருக்கும் பயன்பட வேண்டும் என்று, தேசியத் தகவல் மையம் தயாரித்த வழிகாட்டு நெறிகள் 2009-ல் வந்தன. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் மின்னணுத் தகவல்கள் அவர்களுக்கு எட்டும்படி இருக்க வேண்டும் என்கிறது.

நீங்களே சோதிக்கலாம்

உங்கள் பிள்ளையின் பள்ளித் தளத்தையோ, நீங்கள் அடிக்கடி பார்க்கும் வேறு தளத்தையோ எடுத்துக்கொண்டு கீழே உள்ளவற்றைச் செய்து பாருங்கள்.

1. பக்கத்தில் சில தமிழ்ச் சொற்களைத் தேர்வு செய்து, காப்பி செய்து, நோட்பேடில் பேஸ்ட் செய்யுங்கள். தமிழாகவே வந்தால் யூனிகோடு. ஆங்கில எழுத்தாக வந்தால் பழைய எழுத்துரு. தேர்வு செய்யவே முடியவில்லை என்றால் அது பெரும்பாலும் படமாக இருக்கும்.

2. அதே பக்கத்தை வேறு ஒரு பிரவுசரிலும், உங்கள் மொபைல் போனிலும் திறந்து பாருங்கள்.

3. கண்ட்ரோல் கீயுடன் பிளஸ் கீயைச் சில முறை தட்டி, பக்கத்தை 200 சதவீதம் பெரிதாக்குங்கள். வரிகள் மடங்கி வர வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று ஏறக்கூடாது.

4. மவுஸைத் தொடாமல் டேப் கீயால் மட்டும் லிங்க்குகளுக்குச் சென்று பாருங்கள்.

5. கண்ட்ரோல் கீயுடன் யு தட்டினால், குரோம், எட்ஜ், பயர்பாக்ஸ் ஆகியவற்றில் பக்கத்தின் மூல வடிவம் திறக்கும். அதில் எச்1, எச்2 குறிகள் உள்ளனவா என்று தேடுங்கள்.

நீங்கள் பக்கம் தயாரித்தால்

நோட்பேடில் ஒரு சிறிய பக்கம் எழுதிப் பழக விரும்பினால் இவற்றை மறக்க வேண்டாம்.

முதல் வரியில் டாக்டைப் அறிவிப்பு இருக்க வேண்டும். இது இல்லாவிட்டால், பழைய காலப் பக்கம் என்று கருதி, 1990-களின் பிரவுசர்களைப் போன்ற விதிகளின்படி பக்கத்தை வரைவார்கள் இன்றைய பிரவுசர்கள். அளவுகள் மாறிப்போக இது ஒரு முக்கியக் காரணம்.

மெட்டா குறியில் எழுத்து முறை யு.டி.எப்-8 என்று குறிப்பிடுங்கள். பைலைச் சேவ் செய்யும்போதும் என்கோடிங் பகுதியில் யு.டி.எப்-8 இருப்பதை உறுதி செய்யுங்கள். மொழி தமிழ் என்பதைக் காட்ட, லாங் என்ற இடத்தில் டி, ஏ என்ற இரு ஆங்கில எழுத்துகளை இடுங்கள். எந்த மொழிக் குரலில் படிப்பது என்று ஸ்கிரீன் ரீடர் இதைக் கொண்டே தெரிந்துகொள்ளும்.

பெரிய எழுத்து வேண்டும் என்பதற்காக எச்1 குறியைப் போடாதீர்கள். தலைப்புக்கு மட்டும் போடுங்கள். பக்கத்தைப் பத்தி பிரிக்க டேபிளைப் பயன்படுத்தாதீர்கள். விலைப்பட்டியல், மதிப்பெண் போன்ற உண்மையான அட்டவணைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். 2014-ல் டபிள்யூ3சி இறுதி செய்த எச்.டி.எம்.எல். 5-ல் பக்கத்தின் தலைப்பகுதி, வழிகாட்டிப் பட்டி, கட்டுரை, அடிப்பகுதி என ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிகள் உள்ளன. நிறம், அளவு, இடைவெளி எல்லாம் சி.எஸ்.எஸ்.-ல் இருக்கட்டும்.

இறுதியாக ஒன்று. உங்கள் வீட்டில் பழைய சி.டி.யிலோ பென் டிரைவிலோ, பாமினி போன்ற எழுத்துருக்களில் டைப் செய்த கடிதம், கவிதை, குடும்ப வரலாறு ஏதேனும் இருக்கலாம். எந்த எழுத்துரு என்று தெரிந்தவர்கள் இருக்கும்போதே அவற்றை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள். இதற்கான இலவச கன்வெர்ட்டர்கள் இணையத்தில் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒரு முறை முழுதாகப் படித்துப் பிழை திருத்துங்கள். பழைய பைலையும் அழிக்காமல் வைத்திருங்கள். அதன் பெயரிலேயே எழுத்துருவின் பெயரையும் சேர்த்து எழுதிவையுங்கள்.