பூச்சிமருந்தும் வைத்தியரின் கேள்வியும்

நோயாளியிடம் வைத்தியர்கள் தொன்றுதொட்டுக் கேட்டுவந்த கேள்விகளோடு, அவர் செய்யும் தொழில் யாது என்பதையும் அவசியம் கேட்டறிய வேண்டும் என்று, தொழிலாளரின் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டில் தனி நூலே இயற்றிய பெர்னார்டினோ ராமஸ்ஸினி என்ற இத்தாலிய வைத்தியர் வற்புறுத்தினார். பூச்சிமருந்து தெளிக்கும் விவசாயத் தொழிலாளர் விஷயத்தில் அந்தக் கேள்வி, உயிரைக் காக்கும் கேள்வியாகவே இன்றும் இருக்கிறது.

பருத்திக் காட்டில் மருந்து அடிப்பவரைச் சற்றே நின்று கவனித்தால் இதன் காரணம் விளங்கும். முதுகில் சுமந்த டாங்கின் மூடியிடுக்கில் கசியும் மருந்துநீர் சட்டையை நனைக்க, எதிர்க்காற்றில் திரும்பிய தூவல் முகத்தில் படிய, அடைத்துக்கொண்ட நாசிலை வாயால் ஊதிச் சரிசெய்துவிட்டு, அதே கையால் பீடியையும் பற்றவைத்துக்கொள்வார். வாய் வழியாகப் போனால்தான் விஷம் என்று எண்ணுவது பிழை. மானோகுரோட்டோபாஸ், குளோர்பைரிபாஸ் முதலிய ஆர்கனோபாஸ்பரஸ் மருந்துகள் தோலின் வழியாகவும் சுவாசத்தின் வழியாகவும் தேகத்தில் புகுந்துவிடும். நரம்பின் கட்டளையைச் சுமந்து செல்லும் அசிட்டைல்கோலின் என்ற ரசாயனம், வேலை முடிந்தவுடன் ஒரு நொதியால் சிதைக்கப்படுவது இயற்கை. அந்த நொதியை இம்மருந்துகள் முடக்கிவிடுவதால், கட்டளை ஓயாமல் தொடர்ந்து, எச்சிலும் கண்ணீரும் வியர்வையும் பெருகி, கண்மணி சுருங்கிப் பார்வை மங்கி, வாந்தியும் பேதியும் கண்டு, தசைகள் துடித்துத் தளர்ந்து, முடிவில் மூச்சுவிடுவதே முடியாமற்போகிறது.

ஆரம்பத்தில் தோன்றுவதோ தலைசுற்றலும் குமட்டலும்தான். அதை வெயில் என்றும் பித்தம் என்றும் கருதி ஒரு சோடாவைக் குடித்துப் படுத்துவிடுவோர் பலர். அப்படிச் செய்யாமல், நனைந்த உடையை உடனே களைந்து, தலைமயிர் உட்பட உடம்பு முழுவதையும் சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணில் பட்டிருந்தால் சுத்தமான நீரை நெடுநேரம் ஊற்றி அலம்பிக்கொண்டு, தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். மருந்தை விழுங்கியவருக்கு உப்புநீரோ சாணிக்கரைசலோ புகட்டி வாந்தியெடுக்கச் செய்வது, விஷம் நுரையீரலுக்குள் இறங்க வழி செய்யும் அபாயமாகும்.

‘வாந்தியா வருதுங்க’ என்று மட்டும் சொன்னால் வைத்தியர் நூறு காரணங்களை எண்ண வேண்டியிருக்கும்; ‘காலையிலிருந்து இந்த மருந்தைத்தான் அடிச்சேனுங்க’ என்று சொல்லி டப்பாவின் லேபிளைக் காட்டினால், சிகிச்சையின் பாதை அப்போதே தெளிவாகும். லேபிளில் உள்ள முக்கோணத்தின் நிறம், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்ற வரிசையில் விஷத்தின் கடுமையைக் காட்டும். சிவப்பே மிகக் கொடியது. ஆர்கனோபாஸ்பரஸ் விஷத்துக்கு அட்ரோபின் உயிர் காக்கும் மருந்தாக இருக்க, பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கோ மாற்றுமருந்தே இல்லையாதலால், மருந்தின் பெயரை அறிவது இன்றியமையாதது. சிகிச்சையில் தெளிந்தவருக்கும் ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் சுவாசத் தசைகள் திடீரெனத் தளர்வதுண்டு. ஆகவே, குணமாகிவிட்டது என்று வைத்தியர் சொல்வதற்கு முன் வீடு திரும்பலாகாது.

உடனே வெளிப்படாத தீங்கும் உண்டு. கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களின் மீது 1970-களின் பிற்பகுதியிலிருந்து 2000 வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்து தெளிக்கப்பட்டது. அங்கே பட்ரே என்ற கிராமத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் ஒய். எஸ். மோகன்குமார், ஒரு சிற்றூரிலேயே நரம்புக் கோளாறுகளும் பிறவிக் குறைகளும் மிகுந்திருப்பதைக் கண்டு, ‘இந்த ஊருக்கு என்ன நேர்ந்தது?’ என்று கேட்கத் தொடங்கினார். ஒவ்வொரு நோய்க்கும் எண்டோசல்பானே காரணமா என்ற விவாதம் நீடித்த போதிலும், 2011-இல் உச்ச நீதிமன்றம் அம்மருந்தைத் தடைசெய்தது. பாதிக்கப்பட்டோருக்குத் தலா 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு 2017-இல் உத்தரவிட்டது.

தாம் அடித்த மருந்தின் பெயரைச் சொல்வது தொழிலாளியின் கடமை என்றால், அவர் சொல்லாவிட்டாலும் கேட்டறிவது வைத்தியரின் கடமை. தொழிலாளி கையில் உறையும் முகத்தில் கவசமும் இன்றி அந்தத் தொழிலில் இறங்காதபடி பார்த்துக்கொள்வது, அவரைக் கூலிக்கு அழைக்கும் நிலச்சொந்தக்காரரின் கடமை. இம்மூன்றில் எது தவறினாலும் அதற்குரிய விலையைக் கொடுப்பவர் டாங்கைச் சுமப்பவர் ஒருவரே என்பதை நாம் மறத்தல் தகாது.