சர்க்கரை காட்டும் படம்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

சென்ற ஆண்டு என் தந்தையாருக்கு நிணநீர்ச் சுரப்பிகளில் புற்றுநோய் என்று தெரிந்ததும், மருத்துவர் 'பெட் ஸ்கேன்' எடுத்து வரச் சொன்னார். எங்கள் வீட்டில் ஆங்கிலம் படித்தவன் நான் ஒருவனே. "என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று அறிக்கையை நீட்டினார் அப்பா. அன்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பின்னர் நூலகத்தில் தேடிப் படித்ததையே இங்கு எழுதுகிறேன்.

எக்ஸ்ரே படம் உறுப்பின் வடிவத்தைக் காட்டும். பெட் ஸ்கேன் காட்டுவதோ செல்லின் பசியை! புற்றுச் செல்கள் மிகுதியாகச் சர்க்கரையை விழுங்குபவை என்பதை 1920-களில் ஜெர்மானிய அறிஞர் ஆட்டோ வார்பர்க் கண்டறிந்தார். எனவே குளுகோஸில் ஒரு ஹைட்ராக்சில் தொகுதியை நீக்கி, அங்கே கதிரியக்க ஃப்ளூரின்-18 அணுவைப் பொருத்தி ஊசி வழியே செலுத்துகிறார்கள். சர்க்கரை என்று நம்பிச் செல் அதை உள்ளே இழுக்கிறது. ஆனால் செரிக்க முடிவதில்லை. அது அங்கேயே தேங்குகிறது.

ஃப்ளூரின்-18 சிதையும்போது பாசிட்ரான் வெளிப்படும். அருகிலுள்ள எலெக்ட்ரானோடு சேர்ந்து அது அழிய, 511 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள இரு காமாக் கதிர்கள் எதிரெதிர்த் திசைகளில் பாய்கின்றன. (எலெக்ட்ரானின் நிறையை ஐன்ஸ்டைன் சமன்பாட்டில் இட்டால் கிடைக்கும் எண் இது. தேர்வுக்காக நான் மனப்பாடம் செய்தது!) வளையமாக அமைந்த உணர்கருவிகள் இரண்டையும் ஒரே கணத்தில் பிடித்தால், அவற்றை இணைக்கும் கோட்டில் எங்கோ அந்தச் சர்க்கரை இருக்கிறது என்று பொருள். இத்தகைய எண்ணற்ற கோடுகளைக் கொண்டு கணிப்பொறி படம் வரைகிறது. கூடவே எடுக்கும் சி.டி. படம் இடத்தைத் துல்லியமாகக் காட்டும்.

ஃப்ளூரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடங்களே. சைக்ளோட்ரானில் தயாரித்ததும் விரைந்து கொண்டுவர வேண்டும். நோயாளி ஆறு மணி நேரம் பட்டினி இருந்து, ஊசிக்குப் பின் ஒரு மணி நேரம் அசையாதிருக்க வேண்டும். தசை இயங்கினால் அதுவும் சர்க்கரையை உண்ணும். தறியில் கை ஓயாத அப்பா எப்படித்தான் இருந்தாரோ!

ஒளிர்வதெல்லாம் புற்றன்று. மூளையும் சிறுநீர்ப்பையும் எப்போதும் ஒளிரும். காசநோயும் ஒளிரும், ஆகவே ஐயம் வந்தால் திசுவை எடுத்துச் சோதித்தே முடிவு செய்வர். மெதுவாக வளரும் சில புற்றுகளோ ஒளிராமலே ஏமாற்றும்.

இவ்வகைப் புற்றில் சிகிச்சைக்குப் பின் எஞ்சும் ஒளியை மார்பின் இரத்தத்தோடும் கல்லீரலோடும் ஒப்பிட்டு, 1 முதல் 5 வரை மதிப்பெண் இடுகிறார்கள். இங்கே குறைந்த மதிப்பெண்ணே நல்லது. அப்பாவின் இரண்டாம் அறிக்கையில் 2 என்றிருந்தது. இம்முறை நானே படித்து விளக்கினேன்.

"அப்ப தறியில உட்காரலாமா?" என்றார். அதை மருத்துவரிடம் கேட்போம் என்றேன்.