இளஞ்சூட்டுக் காற்றும் மூலிகை இலையும்

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், மட்டக்களப்புப் பகுதி மக்கள் நன்கறிந்த காற்றொன்று உண்டு. மேற்கிலிருந்து வீசும் அதனைக் கச்சான் என்பர். அது வீசும் நாட்களில் கொடியிலிட்ட ஈரச்சேலை விரைவிலே காய்ந்துவிடும். மனிதரின் உதடும் வறண்டு வெடிக்கும். இதே காற்று கடலிலிருந்து கரையேறியபோது நீராவி நிறைந்ததாகவே இருந்தது. மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவிலே ஏறுங்கால் அது குளிர்ந்து, தன் நீரை மழையாகச் சொரிந்துவிடுகின்றது. பின்னர் கிழக்கே இறங்குங்கால் அமுக்கமுற்றுச் சூடேறுகின்றது. நீரை இழந்து, அதன்மேற் சூடும் ஏறி, ஓயாது ஓடிக்கொண்டிருக்கும் காற்று அது. மூலிகை உலர்த்துவோர் வேண்டுவதும் ஏறக்குறைய அத்தகைய காற்றையே. ஆயினும் அது வேண்டிய நாளிலெல்லாம் இயற்கையாய்க் கிடைப்பதில்லை.

இலையை உலர்த்துவது சூடே என்பது பலரின் எண்ணம். அது பாதி உண்மை. இலையின் நீரை ஏற்றுக் கொண்டுசெல்வது காற்று. அக்காற்றின் கொள்ளளவைப் பெருக்குவதே சூட்டின் முதல் வேலை. 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு கன மீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். 40 பாகையில் அதே கன மீற்றர் 51 கிராம் வரை தாங்கும். மழைக்காலத்தில் வெளிக்காற்று 30 பாகையிலும் அதன் ஈரப்பதன் நூற்றுக்கு 80 வீதமாகவும் இருப்பதாகக் கொள்வோம். அதனை 40 பாகைக்குச் சூடாக்கினால் ஈரப்பதன் ஏறக்குறைய 46 வீதமாகக் குறைந்துவிடும். காற்றிலிருந்து ஒரு துளி நீரும் அகற்றப்படவில்லை. எனினும் சோம்பிக் கிடந்த காற்று தாகங்கொண்ட காற்றாகிவிட்டது.

சூட்டுக்கு வேறொரு வேலையும் உண்டு. நீர் ஆவியாவதற்கு மறைவெப்பம் வேண்டும். அதன் அளவு சாமானியமன்று. உறைநிலையிலுள்ள நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதன் ஐந்து மடங்கிற்கும் மேற்பட்ட வெப்பம் அந்நீரை ஆவியாக்குவதற்கு வேண்டும். இலையிலிருந்து வெளியேறும் நீர் இவ்வெப்பத்தைத் தன்னைச் சூழ்ந்த காற்றிலிருந்தே பறிக்கின்றது. ஆகவே, தட்டுகளினூடே செல்லுங் காற்று செல்லச் செல்லக் குளிர்கின்றது, ஈரமும் ஏறுகின்றது. அதனை வெளியே போக்கிப் புதிய காற்றை உட்செலுத்தாவிடின், உலர்த்தும் பெட்டி இட்டலிச் சட்டியாகிவிடும். உள்ளே இலை உலராது, அவியும். வீட்டிலே உலர்த்திப் பெட்டி செய்வோர் அடுப்பைப்பற்றி எண்ணுமளவுக்குக் காற்று வெளியேறும் வழியைப்பற்றி எண்ணுவதில்லை. பெட்டி கெடுவதற்குப் பெரும்பாலும் அதுவே காரணம்.

வெளியேற்றவேண்டிய நீரோ கொஞ்சமன்று. பறித்த பசும் இலை 10 கிலோகிராமில் 8 கிலோகிராம் நீராக இருத்தல் கூடும். நூற்றுக்கு 10 வீத ஈரம் மட்டும் எஞ்சுமாறு உலர்த்தினால், கையில் மிஞ்சுவது 2.2 கிலோகிராமே. எஞ்சிய 7.8 கிலோகிராமும் காற்றோடு போகவேண்டும்.

இலங்கையில் இவ்வறிவு நாள்தோறும் செயற்படும் இடம் தேயிலைத் தொழிற்சாலை. கொழுந்தைப் பரப்பி, விசிறியாற் காற்றை ஓட்டி, முதலில் வாட்டுவர். மழை நாளில் அக்காற்றைச் சற்றுச் சூடாக்கிச் செலுத்துவர். காற்றின் வறட்சியை அறிய, ஒன்றன் குமிழில் ஈரத்துணி சுற்றிய இரு வெப்பமானிகள் போதும்; இரண்டுங் காட்டும் அளவுகளின் வேறுபாடு மிகுந்தாற் காற்று வறண்டது, குறைந்தால் ஈரமானது. கரிநெருப்பின்மேல் தேயிலை காய்ச்சிய வழக்கத்தை மாற்றிப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சூடான காற்றால் உலர்த்தும் இயந்திரத்தை ஆக்கியவர்களுள் ஒருவர், பெல்பாஸ்ட் நகரத்துச் சாமுவேல் டேவிட்சன். அவர் தம் இயந்திரத்துக்கு இட்ட பெயர் ‘சிறொக்கோ’. ஆபிரிக்கப் பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடலை நோக்கி வீசும் வெங்காற்றின் பெயர் அது.

எனினும், தேயிலைக்குப் பொருந்துஞ் சூடு துளசிக்குப் பொருந்தாது. தேயிலையை இறுதியில் உலர்த்துங்கால், இலைக்குள் நிகழும் மாற்றங்களை நிறுத்துவதற்காகவே கடுஞ்சூடு கொடுக்கின்றனர். துளசி, புதினா முதலியவற்றின் மணமும் குணமும் இலையின் மேற்பரப்பிலுள்ள நுண்ணிய சுரப்பிகளில் எண்ணெயாக அடங்கியுள்ளன. சூடு மிகுந்தால் அவ்வெண்ணெய் நீரோடு கூடிப் பறந்துவிடும். உலர்த்தும்போது வீடெங்கும் மணம் கமழ்கின்றதென மகிழ்வோர் உளர். கமழ்வது மருந்து வெளியேறும் மணம் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. இத்தகைய இலைகளுக்கு 35 முதல் 45 பாகை வரையிலான காற்றே ஏற்றது. நேர்வெயிலோ பச்சை நிறத்தையும் வெளிறச் செய்யும். நிழலில் உலர்த்துக என்று நாட்டு வைத்தியர் விதித்தது காரணமற்ற வழக்கமன்று.

அப்படியாயின் சூட்டைக் குறைத்து மெல்ல மெல்ல உலர்த்துவதே நன்றெனத் தோன்றலாம். அதிலும் ஆபத்து உண்டு. ஈரமான இலைக்குப் பூஞ்சணம் காத்திருக்கின்றது. அதன் விளைவைப் பெருஞ்செலவிற் கற்றவர்கள் வட அமெரிக்கக் கமக்காரர். 1920ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், கனடாவிலும் ஐக்கிய அமெரிக்காவின் வடபகுதியிலும் மாடுகள் காரணம் தெரியாது குருதி கசிந்து இறந்தன. கொம்பு வெட்டிய சிறு காயத்திலிருந்தும் குருதி நிற்கவில்லை. பிராங்க் ஸ்கோபீல்ட் என்னும் கால்நடை வைத்தியர் அவை உண்ட தீவனத்தை ஆராய்ந்தார். அது ‘சுவீற் குளோவர்’ என்ற, நறுமணமுள்ள பூண்டின் உலர்புல். ஒரே குவியலிலிருந்து நல்ல தண்டுகளையும் பழுதுற்ற தண்டுகளையும் பிரித்து, வெவ்வேறு முயல்களுக்கு ஊட்டினார். நல்லதை உண்ட முயல் நலமாயிருந்தது. மற்றையது குருதி சிந்தி மாண்டது.

பூண்டு குற்றமற்றது, அது உலர்ந்த முறையே குற்றமுடையது. ஈரம் நீங்காத புல்லிலே பூஞ்சணம் பற்றி, கூமரின் என்னும் மணப்பொருளைக் குருதி உறைவதைத் தடுக்கும் நஞ்சாக மாற்றிவிட்டது. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்திற் காள் லிங்க் என்பவரின் ஆய்வுகூடம் 1940ஆம் ஆண்டளவில் அந்த நஞ்சைப் பிரித்தெடுத்தது. அவ்வாராய்ச்சியின் வழியே பிறந்த வார்பரின் 1948இல் எலி நஞ்சாக விற்பனைக்கு வந்தது. 1954 முதல் மனிதருக்கு மருந்தாயிற்று. இருதய நோயாளர் இன்றும் அதனை அளவறிந்து உட்கொள்கின்றனர்.

ஆதலின், மணம் பறக்காத சூடும் பூஞ்சணம் முந்தாத வேகமும் ஒருங்கே வேண்டும். சூட்டை உயர்த்தாது வேகத்தை உயர்த்தும் வழி காற்றோட்டமே. இலையை மெல்லிய படையாகப் பரப்புதல் வேண்டும். கழுவியிருப்பின் மேலீரத்தை முதலில் உதறிவிடுதல் வேண்டும். இலை நொறுங்குகின்றது என்பதைக் கொண்டு தொழில் முடிந்ததென எண்ணலாகாது. மெல்லிய இலை விரைந்து காயும். தடித்த காம்பும் நடுநரம்பும் உள்ளே ஈரத்தை ஒளித்துவைத்திருக்கும். காம்பை வளைத்தால் அது ஒடியவேண்டும். வளைந்து கொடுத்தால் மீண்டும் தட்டுக்கு அனுப்புதலே முறை. ஆறுமுன் போத்தலில் அடைத்தால், சூட்டில் எழுந்த ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் முத்து முத்தாய்ப் படியும். முற்றும் ஆறியபின் திறந்து வைத்தாலோ, உலர்ந்த இலை சுற்றியுள்ள காற்றின் ஈரத்தை மீண்டும் உறிஞ்சத் தொடங்கும். மாரிகாலத்தில் போத்தலைத் திறந்த கையோடு மூடவேண்டுவது இதனாலேயே.