புயலுக்குப்பின் முதல் மின்சாரம் எதற்கு?

புயல் கடற்கரை ஜனங்களுக்கு மட்டுமே உரிய துன்பமென்று எண்ணி உள்நாட்டார் நிம்மதியாயிருந்த காலம் போய்விட்டது. 2024ஆம் வருஷம் நவம்பர் 30ஆந் தேதி இரவு புதுச்சேரிக்கருகே கரையேறிய பெஞ்சல் புயல், காற்றைக் காட்டிலும் மழையால்தான் அதிகக் கேடு விளைத்தது. டிசம்பர் 2ஆந் தேதி அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்குச் சுமார் 1,68,000 கன அடி நீர் தென்பெண்ணையில் பாய்ந்தது. அவ்வணைக்குக் கீழே, அந்த ஆற்றங்கரையில்தான் மூங்கில்துறைப்பட்டு இருக்கிறது.

இத்தகைய நாட்களில் மின்சாரம் நின்றால் நம்மவர் முதலில் தேடுவது விளக்கு. முன்னாளில் வீட்டுக்கு வீடு அரிக்கேன் விளக்கு இருந்தது. பெருங்காற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே அதன் பெயராயிற்று. விளக்கில்லாமல் ஓரிரவைக் கழித்துவிடலாம், குடிநீரில்லாமல் இரண்டு நாள் கழிக்க முடியாது. நம் பாட்டனார் கிணற்றில் கயிறும் கப்பியும் இருந்தன. இன்றைய ஆழ்துளைக் கிணற்றிலோ குடம் இறங்காது. மோட்டார் ஓடினாலன்றி ஊர் மேல்நிலைத் தொட்டியில் ஒரு சொட்டு ஏறாது. வெள்ளம் சூழ்ந்த கிராமத்தில் குழாய் வறண்டு கிடப்பதன் காரணம் இதுவே.

ஆகவே, எச்சரிக்கை வந்தவுடன் குடும்பஸ்தர் செய்யத்தக்கது, உள்ள பாத்திரங்களிலெல்லாம் நீர் நிரப்புவதும், தகரக் கூரையை இறுகக் கட்டுவதும், வீட்டுக்குள் நீர் புகுமுன் மெயின் சுவிட்சை நிறுத்துவதுமாம். அறுந்த கம்பியில் மின்சாரம் இல்லையென்று எவரும் தாமே தீர்மானித்தலாகாது. செல்வர்களுக்கு ஒரு வார்த்தை: மாற்றுச் சுவிட்சு இல்லாமல் ஜெனரேட்டரை வீட்டு வயரிங்கில் இணைத்தால், மின்சாரம் வெளிக் கம்பிக்குத் திரும்பிச் சென்று, அதைப் பழுதுபார்க்கும் தொழிலாளியின் உயிரையே வாங்கிவிடும்.

2018ஆம் வருஷத்துக் கஜா புயலில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. அவற்றை ஒரே நாளில் நிறுத்திவிட எந்த சர்க்காராலும் இயலாது. யாருக்கு முதலில், யாருக்குப் பின்னர் என்பதே கேள்வி. மின்தடையை இத்தனை மணிக்குள் நீக்கவேண்டுமென 2004ஆம் வருஷத்து விநியோகத் தர விதிகள் கெடு வைக்கின்றன. ஆனால் புயல், வெள்ளக் காலங்களில் அக்கெடு செல்லாதென்று அவ்விதிகளே விலக்கும் அளிக்கின்றன. விலக்கு நியாயமானதே. கெடு இல்லாத இடத்தில் வரிசை வேண்டும். இல்லையேல் செல்வாக்குள்ளவன் தெரு முந்தும், சேரியும் மலையடிக் குடிசைகளும் பிந்தும்.

ஆஸ்பத்திரி, குடிநீர் மோட்டார், அதன்பிறகே வீதிகளும் வீடுகளும் என்ற வரிசையை மழைக்கு முன்னரே எழுதி ஒட்டவேண்டும். நவம்பர் 1ஆந் தேதி கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கும் அதுவே பருவம். எந்த மோட்டாருக்கு எவருடைய ஜெனரேட்டர், டீசல் எங்கே இருக்கிறது, ஓட்டத் தெரிந்தவர் யார் என்பவற்றைத் தீர்மானமாக எழுதி அங்கேயே வாசிக்கும்படி நம் பொது ஊழியர்கள் கேட்கட்டும்.