ஆர்டுயினோவில் ஸ்பெக்ட்ரம் அனலைசர்: பட்டை சொல்வதை எப்போது நம்பலாம்?

இந்த எபிசோடுல ஒரு சின்ன ஸ்பெக்ட்ரம் அனலைசர் கட்டப் போறோம். பழைய மியூசிக் சிஸ்டம் முகப்புல பாட்டுக்கு ஏத்த மாதிரி பட்டை பட்டையா ஏறி இறங்குமே, அதேதான். ஆனா வேடிக்கை பார்க்க மட்டும் இல்ல. ஆம்ப்ளிஃபயர்ல "ம்ம்ம்"னு ஒரு இரைச்சல் வந்தா, அதுக்குக் காரணம் தேடவும் இது உதவும். அதுக்கு முதல்ல, பட்டை காட்டுறது நிஜமான்னு தெரியணும்.

தேவையானவை: ஆர்டுயினோ ஊனோ, மேக்ஸ் 4466 மைக் மாட்யூல், 8×32 மேக்ஸ் 7219 எல்ஈடி மேட்ரிக்ஸ், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், 47 நானோஃபாரட் கெப்பாசிட்டர். மைக் மாட்யூலுக்கு 3.3 வோல்ட் குடுங்க. அதோட அவுட்புட் ரெசிஸ்டர் வழியா ஏ0 பின்னுக்குப் போகணும். ஏ0-க்கும் கிரவுண்டுக்கும் நடுவுல கெப்பாசிட்டர். மேட்ரிக்ஸுக்குத் தனி 5 வோல்ட் சப்ளை நல்லது. கிரவுண்டை மட்டும் ஒண்ணா சேர்த்துடுங்க.

இப்ப வேலை நடக்கிற விதம். ஆர்டுயினோ, மைக்கிலிருந்து வரும் வோல்டேஜை விநாடிக்கு 8000 தடவை அளக்குது. அதாவது 125 மைக்ரோ விநாடிக்கு ஒரு சாம்பிள். 128 சாம்பிள் சேர்ந்ததும் எஃப்எஃப்டி கணக்கு போட்டு, எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்குன்னு பிரிச்சுத் தருது. ஏன் 128? ஊனோவில் மெமரி 2048 பைட்தான். 128 சாம்பிளுக்கே 1024 பைட் போயிடும். 256 வச்சா மத்த எதுக்கும் இடமே இருக்காது.

இங்கதான் கவனிக்கணும். விநாடிக்கு 8000 சாம்பிள் எடுத்தா, அதில் பாதி, 4000 ஹெர்ட்ஸ் வரைதான் சரியா அளக்க முடியும். அதுக்கு மேல உள்ள ஒலி காணாமப் போகாது. வேற இடத்துல வந்து உட்காரும்! 5000 ஹெர்ட்ஸ் ஒலி 3000-ன் இடத்துல தெரியும். 7000, 1000-ன் இடத்துல தெரியும். இதுக்குப் பேர் ஏலியாசிங். அளந்து முடிச்ச பிறகு எந்த கோடாலயும் இதைப் பிரிக்க முடியாது. அதனாலதான் அளக்கிறதுக்கு முன்னாடியே அந்த ரெசிஸ்டரும் கெப்பாசிட்டரும். அது சுமார் 3400 ஹெர்ட்ஸுக்கு மேல உள்ளதைப் படிப்படியா குறைக்கும். முழுசா நிறுத்தாது. இன்னும் சுத்தமா வேணும்னா அதிக அடுக்கு உள்ள ஃபில்டர் போடணும்.

அடுத்தது, பட்டையோட அகலம். 8000-ஐ 128-ஆல் வகுத்தா 62.5. ஒவ்வொரு பட்டையும் அவ்வளவு ஹெர்ட்ஸை ஒண்ணா அள்ளிக்குது. பாட்டுக்கு இது போதும். ஆம்ப்ளிஃபயர் இரைச்சலுக்குப் போதாது. ஏன்னா நம்ம வீட்டு கரண்ட் 50 ஹெர்ட்ஸ். இரைச்சல் 50-ல் இருந்தா பெரும்பாலும் இன்புட் கேபிளோட ஷீல்டையோ கிரவுண்ட் இணைப்பையோ பார்க்கணும். 100-ல் இருந்தா பவர் சப்ளையில் உள்ள ஃபில்டர் கெப்பாசிட்டர் மேல சந்தேகப்படலாம். பிரிட்ஜ் ரெக்டிஃபயர் 50-ஐ 100 ஆக்கிடும். 62.5 அகலத்துல இந்த ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும்.

வழி எளிமையானது: மெதுவா அளங்க. விநாடிக்கு 1000 சாம்பிள் எடுத்தா ஒரு பட்டை 7.8 ஹெர்ட்ஸ். இப்ப 50-ம் 100-ம் தள்ளித் தள்ளி நிற்கும். ஆனா எல்லை 500 ஹெர்ட்ஸாக் குறையுது, அதனால கெப்பாசிட்டரை 470 நானோஃபாரடா மாத்தணும். மைக்கை வூஃபர் முன்னாடி வச்சாலே போதும். ஸ்பீக்கர் வயரை நேரா ஏ0-ல் குடுத்துடாதீங்க, போர்டு போயிடும்.

கட்டி முடிச்சதும் வேகத்தைத் திரும்ப 8000-ல் வச்சு ஒரு சோதனை. கெப்பாசிட்டரைக் கழட்டிட்டு, ஃபோன்ல டோன் ஜெனரேட்டர் ஆப் போட்டு 1000 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல ஏத்துங்க. பட்டை வலது பக்கம் நகரும். 4000-ஐத் தாண்டினதும் இடது பக்கம் திரும்பி வரும். அப்புறம் 47 நானோஃபாரட் கெப்பாசிட்டரை மாட்டி, மறுபடியும் ஏத்திப் பாருங்க. திரும்பி வர்ற பட்டை எவ்வளவு குட்டையாகுதோ, அவ்வளவுக்கு உங்க அனலைசரை நம்பலாம்.