பைப் துண்டுக்குள் பாட்டு!

பல்லாவரத்தில் வெள்ளிக்கிழமை தோறும் கூடுகிற சந்தையில் ஆட்டுக்கல் முதல் அலமாரி வரை எல்லாமே செகண்ட் ஹாண்டில் கிடைக்கும். பம்மல்காரர்களுக்கு அது கூப்பிடு தூரம். செடி வாங்கப் போனவர் பழைய ட்ரான்சிஸ்டரோடு திரும்புவது சகஜம். வம்பு வீட்டுக்கு வந்ததும்தான். பின்மூடியைத் திறந்தால் நாலு டார்ச் கட்டை கேட்கும்!

"இதுக்குக் கட்டை வாங்கிப் போடற காசுல புது ரேடியோவே வாங்கிடலாம்ங்க!" என்று வீட்டம்மா சொல்வதில் நியாயம் இருக்கிறது. போதாக்குறைக்கு, உள்ளேயே மறந்துவிட்ட கட்டை கசிந்து ஸ்பிரிங்கை அரித்துவிடும்.

ஆனால், பழைய ரேடியோவை அப்படி ஒதுக்கிவிட முடியாது. 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் அடித்தபோது சென்னைப் புறநகரில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. செல்போன்கள் செத்துக் கிடந்தன. அப்போது வெளியுலகச் சேதி சொன்னது இந்த மாதிரிப் பெட்டிகள்தான்.

சுவர்க்கடிகாரத்துக்குப் போடுவோமே 'டபுள் ஏ' செல், அதில் ரீசார்ஜபிள் ரகத்தை இதிலும் போடலாம். உயரம் 50.5 மில்லிமீட்டர். பெரிய கட்டையோ 61.5. குறுக்களவு 14.5-க்கு 34. அண்ணன் சட்டையைத் தம்பிக்கு மாட்டிய கதைதான். கொஞ்சம் பிடித்துத் தைத்தால் போதும்!

பம்மலில் எங்கேயாவது வீடு கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள், பைப் துண்டுக்கா பஞ்சம்? ஒரு அங்குல வெள்ளை பி.வி.சி. தண்ணீர்க் குழாயின் வெளிக் குறுக்களவு சுமார் 33.4 மி.மீ. கட்டைக்கென்றே அளவெடுத்த மாதிரி! (வெந்நீருக்குப் போடும் சி.பி.வி.சி. வேண்டாம், அது ஒல்லி.) 58 மி.மீ. நீளத்துக்கு அறுத்துக்கொள்ளுங்கள். செல்லைச் சுற்றி நியூஸ் பேப்பரை இறுக்கமாகச் சுருட்டி உள்ளே செருகுங்கள். பிளஸ் மூக்கு மட்டும் வெளியே எட்டிப் பார்க்கவேண்டும். அடியில் 11 மி.மீ. உயரத்துக்கு இரும்பு வாஷர்களை அடுக்கி, கடைசியாக அகலமான வாஷர் ஒன்று. ரேடியோவின் ஸ்பிரிங்கே அடுக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். வாஷருக்குப் பதில் அலுமினியத் தாளை உருட்டி வைப்பவர்களும் உண்டு. அது நாளடைவில் நசுங்கி, தலையில் ஒரு தட்டுத் தட்டினால்தான் ரேடியோ பாடும்!

"கட்டைக்கு 1.5 வோல்ட், இதுக்கு 1.2 தானே சார்?"

நல்ல கேள்வி. நாலு செல்லுக்கு 6 வோல்ட் போய் 4.8 ஆகிறது. ஆனால் கட்டையின் 1.5 எல்லாம் புது மாப்பிள்ளை ஜோர்தான், போகப் போக இறங்கிவிடும். ரீசார்ஜபிளோ கிட்டத்தட்ட கடைசி வரை 1.2-ஐ ஒட்டியே நின்று, பிறகு சட்டென்று படுத்துவிடும். பெரும்பாலான ரேடியோக்களுக்கு இது போதும். டார்ச் பல்புதான் கொஞ்சம் மங்கும். 2,000 மில்லி ஆம்பியர்-மணி செல்லில், 50 மில்லி ஆம்பியர் இழுக்கும் ரேடியோ 40 மணி நேரம் பாடும். டேப் ரெக்கார்டருக்கு மோட்டார் இருப்பதால் சீக்கிரம் குடித்துவிடும்.

ஒரே ஒரு ஆபத்து. இதே அளவில் '14500' என்று லிதியம் செல் ஒன்று உண்டு, 3.7 வோல்ட். நாலு போட்டால் ஏறத்தாழ 15. ரேடியோவுக்குச் சங்குதான்! உறையில் 1.2 என்று இருக்கிறதா பார்த்து வாங்குங்கள்.

சாதாரண ரீசார்ஜபிள் செல் சும்மா கிடந்தாலும் சில மாதங்களில் சார்ஜ் இறங்கிவிடும். அதனால் ஐப்பசி பிறந்ததும் பைப் சட்டையைக் கழற்றி, நாலையும் ஒரு ராத்திரி சார்ஜரில் போட்டுவிடுங்கள். வாஷரை மட்டும் பேரன் கையில் படாமல் எடுத்து வையுங்கள்!